இறக்கத்தில் கேட்ட ஆறு கட்டை

கொல்லிமலைக்குக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய ஜீப் அத்தனையையும் எஞ்சினின் முக்கலைத் தவிர வேறு சத்தம் இல்லாமல் ஏறி முடித்தது. மாலையில் செம்மேட்டிலிருந்து இறங்கத் தொடங்கி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எங்கிருந்தோ ஓர் ஊளை கிளம்பியது. மிதித்தேன், அடங்கியது. விட்டேன், மறுபடி கிளம்பியது. வேகம் குறைந்தால் ஊளை தாழ்ந்தது. வேகம் கூடினால் அதுவும் சேர்ந்து மேலே போனது. அடிவாரம் வந்து, காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் தாண்டி நாமக்கல் வந்து சேரும்வரை காலை எடுக்கும் போதெல்லாம் அது கூடவே வந்தது.

முதலில் காட்டிய பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிரவுன் பினியன் போயிடுச்சுங்க, செட்டா மாத்திரலாம்" என்றார்கள். பழைய வண்டிக்கு அது பெரிய செலவு. நல்ல செட் கிடைப்பதும் எளிதல்ல. நாமக்கல் லாரிகளால் வாழும் ஊர். சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லும் ஆட்களுக்கு அங்கே குறைவில்லை. நண்பர் ஒருவர் சொன்னதன் பேரில், லாரி ஹவுசிங் வேலையிலேயே தலை நரைத்த ஒரு பெரியவரைத் தேடிப் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை, பானெட்டைத் தூக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கேட்கத் தொடங்கினார்.

"ஏத்தத்துல சத்தம் வந்துதுங்களா தம்பி?"

"இல்லீங்ண்ணா. இறக்கத்துல மட்டுந்தான்."

"கியரு மாத்துனா சத்தம் மாறுதுங்களா? இல்ல, வண்டி வேகத்தோடயே போகுதுங்களா?"

"வண்டி வேகத்தோடதான் போகுதுங்க."

"லெஃப்ட்டுல வளைச்சா கூடி, ரைட்டுல வளைச்சா குறையுதுங்களா?"

70 வளைவுகளையும் மனத்துக்குள் ஒருமுறை இறங்கிப் பார்த்தேன். "அப்படி இல்லீங்க."

"மண் ரோட்டுல எறங்குனா நிக்குதுங்களா?"

"நிக்கலீங்க."

இப்படிக் கால் மணி நேரம் கேட்டார். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானாகவே, "பின்னாடியிருந்து வர்ற மாதிரி இருக்குதுங்க" என்று சொன்னபோதும் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் செய்தது எவ்வளவு சரி என்பது, வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஜீப்புக்குள் உட்கார்ந்திருப்பவரின் காது இடம் சொல்வதில் ஏமாறும். திறந்த வெளியில் ஒரு குயில் கூவினால், ஒலி ஒரு காதுக்கு முன்னும் மற்றதற்கு நொடியின் மிகச் சிறு பகுதி பின்னும் வந்து சேர்வதை வைத்து மூளை திசையைக் கணிக்கிறது. வண்டிக்குள் அந்தக் கணிப்புக்கு வழியில்லை. பின் ஆக்சிலின் அதிர்வு, ஸ்பிரிங் பட்டைகள் வழியாகச் சட்டத்துக்கும், அங்கிருந்து தரைத் தகட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் பரவுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும்; எஃகில் 5,000 மீட்டருக்கு மேல். ஆகவே காற்று வழியே ஒலி நம்மை எட்டுவதற்கு முன்பே சட்டம் முழுவதும் அதிர்ந்துவிடுகிறது. பிறகு எந்தத் தகடு தளர்ந்திருக்கிறதோ, எது பெரிதாகவும் மெலிதாகவும் இருக்கிறதோ, அதுவே ஒலிபெருக்கியாகிவிடும். பின் ஆக்சிலின் ஊளை டாஷ்போர்டிலிருந்து வருவதாகத் தோன்றும். முன் ஹப் பேரிங்கின் உறுமல் பின் சீட்டுக்கு அடியில் கேட்கும். போதாததற்கு, நொடிக்கு 200 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 1.7 மீட்டர். ஜீப்பின் உட்புறமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். தலையை ஒரு முழம் நகர்த்தினால் ஒலி பெருக்கும். இன்னொரு முழம் நகர்த்தினால் மங்கும்.

நின்றிருக்கும் வண்டியில் ஓடும் எஞ்சினுக்கு மெக்கானிக்குகள் நீளமான ஸ்குரூ டிரைவரை வைத்து, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பார்கள். நல்ல முறைதான். 1816-இல் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டதன் உறவுமுறை அது. ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் போகும்போது எழும் ஊளையை அப்படிக் கேட்க முடியாது. அங்கே நம்பத்தக்க ஒன்றே ஒன்று இருக்கிறது. அந்தச் சத்தம் எந்தச் சுழற்சியோடு தாளம் சேர்கிறது என்பதே அது.

ஜீப்பில் சக்தி போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ். அதன் வாலில் ஒட்டிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ். அதிலிருந்து பின்னுக்கு ஒரு ஷாஃப்ட், முன்னுக்கு ஒரு ஷாஃப்ட். ஒவ்வொரு ஷாஃப்டின் இரு முனையிலும் கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ். ஷாஃப்ட் போய்ச் சேரும் ஹவுசிங்குக்குள் சின்னதாகப் பினியன், பெரிதாகக் கிரவுன் வீல், நடுவே டிஃபரென்ஷியல். அங்கிருந்து சக்கரத்துக்கு ஆக்சில் தண்டு. சாதாரண வண்டியில் ஒன்று இருக்குமிடத்தில் இங்கே இரண்டு. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த வில்லிஸ் எம்பி வகுத்துக் கொடுத்த அமைப்பு இது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் மஹிந்திரா நிறுவனத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, நம் மலைச் சாலைகளில் பல தலைமுறை ஓடிவிட்டது.

இந்தப் பாதையில் மூன்று வெவ்வேறு வேகங்கள் உண்டு. எஞ்சினின் வேகம் ஒன்று. கியர் பாக்ஸைத் தாண்டியதும் ஷாஃப்டின் வேகம். கிரவுன் பினியனைத் தாண்டியதும் சக்கரத்தின் வேகம். சுழற்சியால் எழும் எந்தச் சத்தமும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

என் ஜீப்பின் கணக்கு இது. 6.00-16 டயர் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 5 சுற்று. கிரவுன் வீலில் 43 பற்கள், பினியனில் 8. எட்டால் வகுத்தால் 5.375, ஆகவே ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 27 சுற்று. ஒவ்வொரு நொடியும் பல்லோடு பல் சேரும் எண்ணிக்கை 43 பெருக்கல் 5, அதாவது 215.

நொடிக்கு 215 அதிர்வு! சுருதிப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்த எண் அந்நியமல்ல. ஆறு கட்டை என்று நாம் சொல்லும் சுருதி 220. அதற்குக் கொஞ்சம் கீழே நிற்கிறது என் ஜீப்பின் ஊளை. வேகத்தை 20-க்குக் குறைத்தால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். கைபேசியில் ஒலியை அதிர்வெண்வாரியாகப் பிரித்துக் காட்டும் செயலிகள் இருக்கின்றன. ஜிபிஎஸ் காட்டும் வேகத்தில் சீராக ஓட்டி, பக்கத்தில் இருப்பவரைப் பதிவு செய்யச் சொன்னால் போதும். என் பதிவில் எஞ்சினின் அடர்ந்த இரைச்சலுக்கு மேலே, 215-க்கு அருகில், ஒற்றைப் பனைமரம் போல ஒரு கூர் நின்றது. டயரின் தேய்மானமும் வேகக் கணிப்பின் பிழையும் சில எண் வித்தியாசம் தரும். அதிகம் விலகாது.

பல் எண்ணிக்கை தெரியாவிட்டால் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்திலும் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, கியரை நியூட்ரலில் விட்டுக் கையால் சுற்ற வேண்டும். மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் டிஃபரென்ஷியல் வேகத்தைப் பாதியாக்கிவிடும். ஆகவே தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் வீல் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலும் போனால் 43-8. ஐந்துக்குச் சற்றுக் குறைவாக நின்றால் வில்லிஸ் எம்பியில் இருந்த 39-8.

இந்த எண்களில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று இருக்கிறது. 43-க்கும் 8-க்கும் பொது வகுஎண் கிடையாது. 39-க்கும் 8-க்கும் கிடையாது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் கிரவுன் வீலின் எல்லாப் பற்களையும் முறை வைத்துச் சந்தித்துவிட்டுத்தான் தொடங்கிய பல்லுக்குத் திரும்பும். ஒரு பல்லில் இருக்கும் சிறு குறை எதிரே ஒரே பல்லைத் தின்றுகொண்டிருக்காது. தேய்மானம் எல்லாவற்றுக்கும் பங்கிடப்படும். வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே செய்வது இது. மாறாக, ஒரு பல் உடைந்தே போய்விட்டால் அதன் தாளம் வேறு. கிரவுன் வீலில் உடைந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒரு 'டக்'. பினியனில் உடைந்தால் ஷாஃப்ட் சுற்றுக்கு ஒன்று. 40 கிலோமீட்டரில் நொடிக்கு 27 என்பதால் எண்ண முடியாது, 'கர்ர்' என்று கேட்கும்.

உடையாத பல் ஏன் ஊளையிட வேண்டும்? ஒரு பல் அடுத்த பல்லுக்குப் பாரத்தைக் கைமாற்றும் ஒவ்வொரு தடவையும், தள்ளப்படும் பல்சக்கரம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து மைக்ரான் கணக்கில் முந்தியோ பிந்தியோ போகிறது. தலைமுடியின் தடிமனில் சிறு பின்னம்தான் அந்த விலகல். ஆனால் நொடிக்கு 215 தடவை, தவறாமல், ஒரே இடைவெளியில் நடக்கும்போது அது ஒலியாகிவிடும். பற்கள் சரியான இடத்தில் சந்தித்தால் விலகல் சிறிது; ஊளை எஞ்சின் சத்தத்துக்குள் மூழ்கிவிடும். பினியன் சற்று உள்ளேயோ வெளியேயோ நகர்ந்து, பற்கள் ஓரத்தில் சந்திக்கத் தொடங்கினால் விலகல் பெருகும். ஆகவே ஊளை கேட்டதும் பல் போய்விட்டது என்று முடிவு கட்டக்கூடாது. பல் நன்றாக இருந்து, அதைத் தாங்கும் பேரிங் இடம் கொடுத்திருக்கலாம்.

இங்கேதான் பெரியவரின் முதல் கேள்வியின் அருமை தெரிகிறது. ஏற்றத்தில் பினியன் கிரவுன் வீலைத் தள்ளுகிறது. பல்லின் ஒரு முகம் பாரம் தாங்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்ததும் கதை தலைகீழ். சக்கரங்கள் வண்டியின் எடையால் உருண்டு கிரவுன் வீலைச் சுழற்ற, அது பினியனைத் தள்ளி எஞ்சினை இழுத்துக்கொண்டு போகிறது. இப்போது பாரம் பல்லின் மறுமுகத்தில். முகம் மாறும்போது பினியனை நெட்டுவாக்கில் அழுத்தும் விசையும் திசை மாறுகிறது. ஏற்றத்தில் பினியன் கிரவுன் வீலை விட்டு வெளியே, ஷாஃப்ட் பக்கம் தள்ளப்படும். அதைத் தாங்குவது பல்லுக்கு அருகில் இருக்கும் உள் பேரிங். இறக்கத்தில் பினியன் உள்ளே இழுக்கப்படும். அதைத் தாங்குவது ஆயில் சீலை ஒட்டி இருக்கும் வெளிப் பேரிங். ஏற்றத்தில் அமைதி, இறக்கத்தில் ஊளை என்றால் சந்தேகம் முதலில் வெளிப் பேரிங்கின் மேல்தான் விழ வேண்டும். மலைச் சாலை ஒரு நல்ல பரிசோதனைக்கூடம். சமதளத்தில் காலை அழுத்தியும் எடுத்தும் சில நொடிகளே பார்க்க முடிவதை, அது ஏறும்போது அரை மணி, இறங்கும்போது அரை மணி என்று பிரித்து வைத்துக் காட்டுகிறது.

மற்றக் கேள்விகளும் வீண் கேள்விகள் அல்ல. மண் சாலையைப் பற்றிக் கேட்டது டயருக்காக. ஜீப்புகளில் கட்டை கட்டையாகப் பட்டன் வைத்த டயர் போடுவது வழக்கம். அந்தக் கட்டைகள் தாரில் அறைந்து எழுப்பும் ரீங்காரம் கிரவுன் பினியன் ஊளையைப் போலவே வேகத்தோடு ஏறி இறங்கும். டயரைக் கேட்டுவிட்டு ஹவுசிங்கைப் பிரித்த கதைகள் ஏராளம். டயர் சத்தம் சாலை மாறினால் மாறும். தாரிலிருந்து மெத்தென்ற மண்ணுக்கு இறங்கினால் காணாமல் போகும். ஆக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதும் அதற்கு ஒரு பொருட்டே அல்ல. ஹவுசிங்குக்கோ சாலை பொருட்டல்ல, மிதிப்புதான் எல்லாம்.

வளைவைப் பற்றிக் கேட்டது சக்கர பேரிங்குக்காக. வண்டியை இடப்பக்கம் வளைத்தால் எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும். அங்கே பேரிங் பழுதாகியிருந்தால் உறுமல் கூடும். வலப்பக்கம் வளைத்தால் குறையும். சக்கர பேரிங் சத்தத்துக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பேரிங்கின் வெளி வளையத்தில் ஒரு புள்ளி அரித்துப்போனால், அதன் மேல் ஒவ்வொரு உருளையும் ஏறி இறங்கும்போது ஓர் அடி விழும். உருளைகள் சக்கரத்தோடு சமமாகச் சுற்றுவதில்லை. ஏறத்தாழ அதன் பாதிக்குச் சற்றுக் குறைந்த வேகத்தில் பின்தங்கிச் சுற்றுகின்றன. அதனால் 18 உருளை உள்ள பேரிங்கில் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது விழும் அடிகள் 18 அல்ல, 7 அல்லது 8. அதுவும் முழு எண்ணாக இருக்காது, பின்னத்தில் நிற்கும். பல் சக்கரத்தின் ஒலி எப்போதும் சுழற்சியின் முழு மடங்கு. பேரிங்கின் ஒலி எதோடும் சரியாக ஒட்டாத மடங்கு. முன்னது சுருதி சேர்ந்த ஊளையாகவும் பின்னது சுருதி கெட்ட உறுமலாகவும் காதில் விழுவதற்கு இது ஒரு காரணம்.

கியர் மாற்றினால் மாறுகிறதா என்று கேட்டது எஞ்சினையும் கியர் பாக்ஸையும் விலக்கி வைக்க. ஒரே சாலை வேகத்தில் நாலாவது கியரிலும் மூன்றாவது கியரிலும் ஓட்டிப் பார்த்தால் எஞ்சின் வேகம் மாறும், ஷாஃப்ட் வேகம் மாறாது. சத்தம் எதைப் பின்தொடர்கிறது என்று உடனே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைத் தவிர்த்தால் ஏமாந்தே தீர வேண்டிய ஓர் இடம் உண்டு. பல பழைய ஜீப்புகளில் டாப் கியர் நேரடி இணைப்பு. எஞ்சின் ஒரு சுற்று, ஷாஃப்ட் ஒரு சுற்று. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. ஷாஃப்டின் கிராஸும் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை குலுங்கும் இயல்புடையது. ஆக 40 கிலோமீட்டரில் இரண்டுமே நொடிக்கு 54! காதுக்கும் செயலிக்கும் இரண்டும் ஒன்றாகவே தெரியும். எஞ்சின் மவுண்டிங் ரப்பரை மாற்றி, அடுத்து எஞ்சினையே டியூன் செய்து, கடைசியில் கிராஸில் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவது கியருக்கு மாற்றிவிட்டால் எஞ்சினின் எண் மேலே ஏறிவிடும். ஷாஃப்டின் 54 அங்கேயே நிற்கும்.

கிராஸ் ஏன் சுற்றுக்கு இரண்டு முறை குலுங்குகிறது என்பது அழகான வடிவியல். 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான கார்டானோவின் பெயரால் வழங்கும் இணைப்பு இது. 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் ஆராய்ந்தார். 1903-இல் அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் மோட்டார் வண்டிக்கு ஏற்றபடி செய்து காப்புரிமை பெற்றார். இரண்டு தண்டுகள் கோணத்தில் சேரும்போது, முதல் தண்டு சீராகச் சுற்றினாலும் இரண்டாவது சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தி, இரண்டு முறை பிந்தும். கோணம் 10 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரைதான். 20 பாகை என்றால் ஆறைத் தாண்டிவிடும். இதைச் சமன் செய்யவே ஷாஃப்டின் மறுமுனையில் இரண்டாவது கிராஸ். முதலாவது கெடுத்ததை அது திருத்துகிறது. இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால்தான் அந்தத் திருத்தம் நடக்கும். ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது நடுவில் உள்ள ஸ்ப்லைனை ஒரு பல் தள்ளிச் சொருகிவிட்டால், அந்தத் திருத்தம் அரைகுறையாகிவிடும். கழற்றுவதற்கு முன்பு பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுவது அதற்காகத்தான். ஸ்பிரிங் பட்டையை மாற்றி வண்டியை உயர்த்துகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். உயரம் கூடினால் கோணம் கூடும்.

கிராஸ் வறண்டால் மெதுவாகப் போகும்போது குருவி கத்துவதுபோல் 'கீச் கீச்' என்று கேட்கும். அதன் கிண்ணங்களுக்குள் இருக்கும் ஊசி உருளைகள் கிரீஸ் இல்லாமல் துருப்பிடிக்க, மூடியின் விளிம்பில் செங்காவித் தூள் படிந்திருக்கும். அந்தக் கட்டத்தில் கிரீஸ் அடித்துப் பயனில்லை. கிராஸை மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்த ஷாஃப்ட் என்ன செய்யும் என்பதை நான் விவரிக்க விரும்பவில்லை.

கிளட்சை விட்டதும் கேட்கும் 'டொக்' வேறு இனம். அது சுழற்சியின் ஒலி அல்ல, இடைவெளியின் ஒலி. கியர் பற்களுக்கு நடுவே கொஞ்சம், ஸ்ப்லைனில் கொஞ்சம், கிராஸில் கொஞ்சம், கிரவுன் பினியனில் கொஞ்சம் என்று பாதை முழுதும் சேர்ந்த ஆட்டம் ஒரே நொடியில் மூடிக்கொள்ளும்போது எழுவது. புதிதிலேயே கிரவுன் பினியனுக்கு நடுவே 0.13 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இடைவெளி வேண்டுமென்றே விடுவார்கள். எண்ணெய் நிற்கவும், சூட்டில் விரியவும் இடம் வேண்டும். வயதான ஜீப்பில் லேசான 'டொக்' இருக்கத்தான் செய்யும். அது மாதத்துக்கு மாதம் வளர்கிறதா என்பதுதான் கவலைக்குரியது.

டிரான்ஸ்ஃபர் கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய வில்லிஸ் வழி ஜீப்புகளில் இருந்த ஸ்பைசர் 18 என்ற பெட்டியில், சாதாரண இரு சக்கர ஓட்டத்திலும் சக்தி நேராகப் பின்னுக்குப் போகாது; இடைச் சக்கரம் ஒன்றின் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஆகவே அது எப்போதும் கொஞ்சம் முனகும். பின்னால் வந்த டானா 20 பெட்டியில் பாதை நேரானது, முனகலும் குறைந்தது. முதல் வகையை வைத்துக்கொண்டு இரண்டாம் வகையின் அமைதியை எதிர்பார்த்துப் பெட்டியைப் பிரிப்பது தேவையற்ற அறுவைச் சிகிச்சை.

பழுதே இல்லாமல் பெரிய சத்தம் எழுவதும் உண்டு. இந்த ஜீப்புகளில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டப்படும். கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சில் 5 மீட்டர் ஆரத்தில் திரும்பினால், இரண்டு மீட்டர் முன்னே இருக்கும் முன் ஆக்சில் கிட்டத்தட்ட 5.4 மீட்டர் ஆரத்தில் திரும்பியாக வேண்டும். முழு வட்டம் என்றால் முன்சக்கரங்கள் இரண்டரை மீட்டர் கூடுதலாக உருள வேண்டும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாது. ஷாஃப்டுகளும் ஆக்சில்களும் முறுக்கிய கயிறுபோல் முறுக்கேறி, ஒரு கட்டத்தில் ஏதோ ஒரு டயர் 'தடக்' என்று துள்ளி விடுபடும். லீவரும் சிக்கிக்கொள்ளும். கொஞ்சம் பின்னால் உருட்டினால் முறுக்கு அவிழ்ந்து லீவர் எளிதாக வரும். தாரில் நான்கு சக்கர ஓட்டத்தைப் போடாதீர்கள் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதன் பின்னே இருப்பது இந்த இரண்டரை மீட்டர்தான்.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரித்தறிய ஷாஃப்டைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை. முன் ஷாஃப்டைக் கழற்றியும் சத்தம் இருந்தால் முன் ஷாஃப்டும் அதன் கிராஸ்களும் நிரபராதிகள். ஆனால் சக்கரங்களைத் தனியே விடுவிக்கும் ஹப் இல்லாத வண்டியில், முன் ஹவுசிங்கின் பற்கள் அப்போதும் சக்கரங்களால் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஹவுசிங்கை அதனால் விடுவித்துவிட முடியாது. பின் ஷாஃப்டைக் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. வில்லிஸ் வழி ஜீப்புகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாசலில் இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் அந்த போல்ட்டுகளில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. வண்டிக்கு அடியில் இருப்பவரின் உயிர் அந்தக் கட்டையில் இருக்கிறது.

பெரியவர் நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் பின் ஷாஃப்டைக் கழற்றினார். ஹவுசிங்கின் மூக்கில் இருக்கும் கவையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டொக்'. சரியான பினியனில் அந்தத் திசையில் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றி விரலை விட்டார். எண்ணெய் விரல் நுனியைத் தொடவில்லை. துளையின் விளிம்புவரை நிற்க வேண்டிய எண்ணெய் அது. வடித்தபோது பாதிகூட இல்லை. கந்தக நெடி வீசியது. அந்த நெடி இருக்க வேண்டிய நெடிதான். கிரவுன் பினியனின் ஹைப்பாய்டு பற்கள் உருளுவதோடு சறுக்கவும் செய்வதால், உலோகத்தோடு உலோகம் ஒட்டிக்கொள்ளாமல் காக்கக் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்த எண்ணெய் தேவை. காந்தத்தில் ஒட்டிய சாம்பல் நிறப் பசையை அவர் விரலில் தேய்த்துப் பார்த்தார். பசை என்றால் இயல்பான தேய்மானம், செதில் என்றால் ஆபத்து. நடுவே சில செதில்கள் மின்னின.

பிரித்ததும் தெரிந்தது. கிரவுன் வீலின் 43 பற்களும் பினியனின் 8 பற்களும் ஒழுங்காக இருந்தன. வெளிப் பேரிங்கின் பாதை மட்டும் அம்மைத் தழும்பு போலக் குழிந்து கிடந்தது.

அந்த ஒரு பேரிங் மட்டும் ஏன்? பெரியவர் ஹவுசிங்கின் மேலே இருந்த ஒரு சின்னக் குமிழைத் திருகி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மூச்சுக் குழல். காற்று போய்வர ஒரு துளையுள்ள மூடி. அந்தத் துளையைக் கொண்டைக்கடலை அளவு சேறு இறுகி அடைத்திருந்தது.

மலை ஏறும்போது ஹவுசிங் சூடாகும். 30 டிகிரியில் இருந்த காற்று 90 டிகிரிக்குப் போனால், வெளியேற வழியில்லாத போது அதன் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எண்ணெயைத் தடுக்க மட்டுமே செய்யப்பட்ட சீலின் உதடு அந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒவ்வொரு பயணத்திலும் சில சொட்டுகள் கசிந்து, மாதக்கணக்கில் எண்ணெய் மட்டம் இறங்கியிருக்கிறது. வெளிப் பேரிங்குக்கு எண்ணெய் தானாக வராது. கிரவுன் வீல் சுழற்றி வீசுவது ஒரு வாய்க்கால் வழியாக ஓடிவந்துதான் அதை நனைக்க வேண்டும். ஏற்றத்தில் ஜீப்பின் மூக்கு மேலே நிற்கும்போது, இருக்கிற கொஞ்ச எண்ணெயும் பின்னுக்குச் சரிந்துவிடும். 70 வளைவு ஏறும்வரை வறண்டு கிடந்த பேரிங்கின் மேல், இறக்கம் தொடங்கியதும் முழுப் பாரமும் வந்து விழுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். சட்டென்று குளிர்ந்து சுருங்கும் காற்று, அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சியிருக்கும். எண்ணெய் மோர் நிறமாகியிருக்கும்.

இரண்டு பேரிங், ஒரு சீல், ஒரு புதிய மூச்சுக் குழல் மாற்றினார். இடைவெளியைச் சரிசெய்யும் ஷிம் தகடுகளை மைக்ரோமீட்டரில் அளந்து பழைய இடத்திலேயே வைத்தார். பற்களில் புருஷியன் நீலத்தைப் பூசிச் சுற்றி, எந்த இடத்தில் சாயம் அழிகிறது என்று இரு முகங்களிலும் பார்த்தார். பினியனைக் கையால் சுற்றும்போது லேசான இறுக்கம் வரும்வரை நட்டை முடுக்கினார். மாலைக்குள் ஜீப் சாலையில் நின்றது.

மறுநாள் காரவள்ளியிலிருந்து ஏறி இறங்கிப் பார்த்தேன். ஊளை போய்விட்டது. ஆனால் முற்றிலும் போகவில்லை. காலை எடுத்தால், காதைத் தீட்டிக்கொண்டால், பழைய சுருதி நூலிழையாகக் கேட்டது. பினியன் இடம் பெயர்ந்து ஓடிய மாதங்களில் பற்களின் அந்த முகம் தவறான இடத்துக்கு ஏற்பச் சற்றுத் தேய்ந்துவிட்டிருக்கிறது. இப்போது சரியான இடத்துக்கு வந்தபோது அந்தத் தேய்மானம் ஒலிக்கிறது.

"இது இருக்குமுங்க தம்பி," என்றார் பெரியவர். "ஏறாமப் பாத்துக்கங்க."

மாதத்துக்கு ஒருமுறை சேந்தமங்கலம் சாலையில் அதே இடத்தில், அதே 40 கிலோமீட்டரில், காலை எடுத்துப் பத்து நொடி பதிவு செய்கிறேன். 215-க்கு அருகில் நிற்கும் கூரின் உயரத்தை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். பிறகு வண்டியை நிறுத்தி, ஹவுசிங்கின் மேல் கையை விட்டு, அந்தக் குமிழ் சேறில்லாமல் சுழல்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறேன். ஏழு மாதமாகக் கூர் உயரவில்லை.